நேர்கோடு போடத் தெரியுமா, சார்?

200 பிராக்கெட்!

அத்தனையும் பவுடர் கோட்டிங் முடிந்து, பத்துப் பத்தாக பாலிதீன் கவரில் போட்டு, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனி வாசலில் வந்து இறங்கின. ஒன்றை எடுத்து மெஷினில் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

இடது பக்கம் மடங்க வேண்டிய காது, வலது பக்கம் மடங்கியிருந்தது. 200-லும்!

பட்டறைக்காரரைக் கூப்பிட்டோம். வந்தார். பெரியவர். கையில் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிராயிங்கின் பிரின்ட் அவுட்.

"இதுல இருக்கறதைத்தான் சார் செஞ்சேன்" என்றார் பணிவாக.

அவர் சொன்னது உண்மை. இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். என்ஜினீயரிங் டிராயிங்கில் ஒரு பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று தனித் தனியாகப் பார்த்து வரைவார்கள். இந்தியாவில் 'ஃபர்ஸ்ட் ஆங்கிள்' முறை. இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை வலப்பக்கம் வரைய வேண்டும். அமெரிக்காவில் 'தேர்ட் ஆங்கிள்'. இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கமே இருக்கும். இதில் எந்த முறை என்று சொல்ல, டிராயிங்கின் மூலையில் தலை வெட்டிய கூம்பு மாதிரி ஒரு குட்டிச் சின்னம் உண்டு. அந்த மூலையைத்தான் நான் போட்டோ எடுக்கும்போது வெட்டிவிட்டேன். பெரியவர் அமெரிக்க ஆர்டர்கள் செய்து பழகியவர். முறையை மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிவிடும். ஆயிற்று!

ஒரு பிராக்கெட் 140 ரூபாய். பெருக்கிக் கொள்ளுங்கள். மேனேஜர் பெருக்கிவிட்டார். அன்று அவர் சொன்னதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

திட்டு வாங்கிவிட்டு வெளியே வந்தேன். பெரியவர் ஷெட் ஓரமாக நின்றிருந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக் குனிந்து, சிமென்ட் தரையில் நாலைந்து கோடு போட்டார். ஒரு சின்னப் பெட்டி. அதன் ஓரத்தில் ஒரு காது. எந்தப் பக்கம் மடங்குகிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

"ஓரத்துல இந்த மாதிரி ஒரு படம் கையால போட்டிருந்தீங்கன்னா தப்பு வந்திருக்குமா சார்? நான் எட்டாங் கிளாஸ். எனக்கே புரிஞ்சிருக்குமே..."

நான் பி.இ. மெக்கானிக்கல். மினி டிராஃப்டரைத் துப்பாக்கி மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணைக் குத்திக் கல்லூரிக்குப் போனவன். என்னால் அந்தப் பெட்டியைப் போட முடியாது. அதுதான் அன்றைக்கு நிஜமாகவே உறைத்தது.

'சீட்' வாங்கினால் சீட்!

அந்த எரிச்சலில்தான் ப்ராடக்ட் டிசைன் படிப்பது என்று முடிவெடுத்தேன். மிக்ஸி, சேர், டார்ச் லைட், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று நாம் கையால் தொட்டுப் புழங்கும் பொருட்களுக்கு உருவம் கொடுக்கிற படிப்பு. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. 1961-ல் தொடங்கியது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஐ.டி.சி. என்கிற டிசைன் பிரிவு 1969-ல் வந்தது. டிகிரி முடித்தவர்கள் ஐ.ஐ.டி.க்களில் எம்.டெஸ். சேர 'சீட்' (சி.இ.இ.டி.) என்ற நுழைவுத் தேர்வு. ஆக, 'சீட்' வாங்கினால்தான் சீட்! ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு 2015 முதல் 'யுசீட்' இருக்கிறது. எந்த குரூப் படித்திருந்தாலும் எழுதலாம். 'சீட்'டுக்கு வயது வரம்பு கிடையாது என்பது ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற அன்பர்களுக்காகச் சொல்லும் உபரித் தகவல்.

இந்தத் தேர்வுகளில் கையால் வரைகிற பகுதி ஒன்று உண்டு. அதில் நான் எப்படித் தேறினேன் என்பது எனக்கே விளங்கவில்லை. மற்ற பகுதியில் கணக்கும் லாஜிக்கும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

வேலையை விட்டேன். வயது 27. பைக் லோன் 11 தவணை பாக்கி. "என்ஜினீயரிங் படிக்க வெச்சதுக்குப் படம் போடப் போறானாம்" என்று அப்பா, என்னிடம் சொல்லாமல், டி.வி.யைப் பார்த்துச் சொன்னார்.

டம்ளர் சொன்ன பாடம்

முதல் நாள், முதல் வகுப்பு. பேராசிரியர் மேஜை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தார். "பத்து நிமிஷம். வரையுங்க." (அவர் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசியதைத் தமிழில் தருகிறேன்.)

டம்ளர்தானே! நான் ரெண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மேலே ஒரு முட்டை, பக்கத்துக்கு ஒரு கோடு, அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு.

தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "கீழே ஏன் நேர்கோடு?"

"மேஜை மேல உட்கார்ந்திருக்கே சார். மேஜை தட்டைதானே?"

"மேஜை தட்டைங்கறது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். உங்க கண்ணுக்குத் தெரியற விஷயமா?"

என்னைக் குனியச் சொன்னார். டம்ளரின் விளிம்பு கண்மட்டத்துக்கு வந்ததும் அதன் வாய் வெறும் கோடாக மூடிக்கொண்டது. மெதுவாக எழுந்திருக்கச் சொன்னார். எழுந்திருக்க எழுந்திருக்க வாய் திறந்தது. "வாயே இவ்வளவு வட்டமாத் தெரியுதுன்னா, அடிப்பாகம் இதைவிட இன்னும் வட்டமாத்தானே வளையணும்? அது உங்க கண்ணைவிட இன்னும் கீழே இருக்கே" என்றார்.

சந்தேகமிருந்தால் இப்போதே எழுந்து போய் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துப் பாருங்கள். 25 வருஷமாக தினம் ரெண்டு வேளை டம்ளரில் காபி குடித்தவன் நான். டம்ளரைப் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. வரையத் தெரியவில்லை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் பார்க்கத் தெரியாததுதான். கண் எதிரே ஒரு டம்ளர் இருக்கும்போது, மண்டைக்குள் இருக்கிற டம்ளரை வரைந்து கொண்டிருக்கிறோம்!

பக்கத்து சீட் ஓவியர்

'அதெல்லாம் பிறவியிலேயே வரணும்' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, பக்கத்து சீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்தப் பையன் சினிமா நடிகர்களை போட்டோ பார்த்து அப்படியே வரைவான். மீசையில் ஒரு முடி குறையாது.

ஒரு நாள் அவனிடம் ஒரு அயர்ன் பாக்ஸைக் கொடுத்து, "இதைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தா எப்படி இருக்கும்? திருப்பாம வரை" என்றார் பேராசிரியர். பையன் பென்சிலைக் கடித்தான். "போட்டோ இருந்தா வரைஞ்சிடுவேன், சார்..."

"நாளைக்கு நீ டிசைன் பண்ணப் போற பொருள் இன்னும் பிறக்கவே இல்லையேப்பா. அதுக்கு போட்டோ ஏது?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். மனுஷன்தானே!

ஓவியம் வேறு, டிசைன் படம் வேறு. நாலு கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகி நாம் எல்லோரும் எழுதுகிறோம். 'எனக்கு எழுத வராது, அது பிறவித் திறமை' என்று யாரும் சொல்வதில்லை. கையெழுத்து அழகாக இல்லாவிட்டாலும் லீவ் லெட்டர் புரிந்தால் சரி. டிசைன் படமும் அப்படித்தான். அது ஒரு கடிதம். எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்!

கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபாரிஷ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வகுப்பில் காட்டுவதற்காக மெஷின் மாடல்களை உதிரிப் பாகங்களிலிருந்து அவ்வப்போது பூட்டுவார். உதவியாளர்கள் சரியாகப் பூட்ட ஒரு படம் வேண்டுமே என்று, பொருளின் மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வரையும் முறையை 1822-ல் கட்டுரையாக எழுதினார். அதுதான் 'ஐசோமெட்ரிக்'. பெரியவர் சாக்பீஸால் தரையில் போட்டதும் கிட்டத்தட்ட அதுதான். ரெண்டு பேருக்கும் ஒரே கவலை... அடுத்த ஆளுக்குப் புரிய வேண்டும்!

தோளால் போடு!

முதல் ரெண்டு வாரம் வெறும் கோடு. தினம் நான்கு பக்கம். பென்சில் கிடையாது, பால்பாயின்ட் பேனா. "அழிக்க ரப்பர் இருந்தா கை யோசிக்காது" என்பது பேராசிரியரின் சித்தாந்தம்.

பேப்பரில் ரெண்டு புள்ளி வையுங்கள். முதல் புள்ளியில் பேனாவை வைத்து, பேப்பரைத் தொடாமல் அடுத்த புள்ளி வரை ரெண்டு மூன்று தடவை காற்றிலேயே போய் வாருங்கள். கண் பேனா முனையில் வேண்டாம். போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும். இப்போது ஒரே வீச்சில் இழுங்கள்.

எழுதும்போது நாம் விரலையும் மணிக்கட்டையும் அசைக்கிறோம். மணிக்கட்டு ஒரு கீல். அதை ஆணியாக வைத்துக் கை திரும்பினால் வில்தான் வரும், நேர்கோடு வராது. மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்தினால் கோடு நேராக ஓடும். மெதுவாகப் போட்டால் நடுங்கும். தைரியமாகப் போட்டால் புள்ளியைத் தாண்டி ஓடும். தாண்டினால் பரவாயில்லை! நடுங்கிய கோட்டைவிட ஓடிப் போன கோடு மேல்.

கோட்டுக்குக் கனமும் உண்டு. பொருளின் வெளி விளிம்புக்குத் தடிமன் கோடு, உள்ளே மடிப்புகளுக்கு நடுத்தரம், உருவத்தைத் தேடும்போது போடுகிற கோடுகளுக்கு மெல்லிசு. இந்த மூன்று கனத்திலேயே காகிதத்தில் பொருள் மேலே எழும்பி நிற்கும். ஷேடிங்கெல்லாம் அப்புறம்.

மாம்பலமும் ஃப்ளோரன்ஸும்

மூன்றாவது வாரம், பெட்டி.

மாம்பலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். (விளிம்பிலிருந்து தள்ளி நின்று!) தூரத்தில் ரெண்டு தண்டவாளமும் ஒரு புள்ளியில் போய்ச் சேருகிற மாதிரி இருக்கும். அதுதான் மறையும் புள்ளி. அது இருக்கிற உயரம்தான் உங்கள் கண்மட்டம். கண்ணுக்குக் கீழே இருக்கிற தண்டவாளம் அதை நோக்கி மேலே ஏறும். கண்ணுக்கு மேலே இருக்கிற பிளாட்பாரக் கூரை அதை நோக்கிக் கீழே இறங்கும். பர்ஸ்பெக்டிவ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் சாரம் இந்த ஒரு பாரா.

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நிரூபித்துக் காட்டினார். ஊர் நடுவில் இருந்த ஞானஸ்நான ஆலயத்தை ஒரு பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளை போட்டார். பலகையின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாகப் பார்த்துக்கொண்டு, எதிரில் ஒரு கண்ணாடியைப் பிடித்தால் படம் அதில் தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் நிஜ ஆலயம். ரெண்டும் அச்சாகப் பொருந்தின! 1435-ல் ஆல்பெர்ட்டி என்பவர் இந்த முறையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். கண்ணாடி அவர்களுக்குக் கைகொடுத்தது. என்னைக் கவிழ்த்தது. எல்லாம் நேரம்!

பயிற்சிக்கு 2 ரூபாய் தீப்பெட்டி போதும். எதிரில் சாய்வாக வையுங்கள். உங்களுக்குக் கிட்டே இருக்கிற மூலையிலிருந்து மூன்று கோடு புறப்படும். அதை முதலில் போடுங்கள். மற்ற கோடுகளெல்லாம் இந்த மூன்றுக்கும் சொந்தக்காரர்கள். அதே திசையில் போகும், தூரம் போகப் போக லேசாக ஒன்றை ஒன்று நெருங்கும். பின்னால் மறைந்திருக்கிற கோடுகளையும், பெட்டி கண்ணாடியால் ஆனது என்று பாவித்து மெல்லிசாகப் போட்டுவிடுங்கள். பெட்டி கோணலாக இருந்தால் அங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு பக்கத்தின் நட்ட நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டுமா? ஸ்கேலால் அளந்து பாதியில் வைத்தால் தப்பாகத்தான் தெரியும். மூலைக்கு மூலை ரெண்டு கோடு போடுங்கள். அவை வெட்டிக்கொள்கிற இடம்தான் நடு. 600 வருஷத்து சூத்திரம், பைசா செலவில்லை.

பெட்டி வந்துவிட்டால் பாதி உலகம் வந்த மாதிரி. மிக்ஸி என்பது ஒரு பெட்டி மேல் ஒரு வெட்டிய கூம்பு. அயர்ன் பாக்ஸ் என்பது மூக்குப் பக்கம் சீவிவிட்ட ஒரு பெட்டி. இது புரிந்ததும் பக்கத்து சீட் ஓவியருக்கும் எனக்கும் இருந்த தூரம் பாதியாகக் குறைந்தது.

அடுத்து, டம்ளர் பரம்பரை. சாய்வாகப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். எந்தப் பக்கம் சாய்ந்த நீள்வட்டம் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். நிறுத்தி வைத்திருக்கிற சைக்கிளைப் பாருங்கள். சக்கரத்தின் அச்சுத் தண்டு எந்தத் திசையில் போகிறதோ, அதே திசையில்தான் நீள்வட்டத்தின் குட்டையான அச்சு இருக்க வேண்டும். முதலில் தண்டைப் போடு, பிறகு சக்கரத்தைப் போடு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாட்டில், குழாய், டார்ச், ஃபேன் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். மீறினால் எல்லாமே ஆக்ஸிடென்ட் ஆன வண்டி மாதிரிதான் இருக்கும்.

கலெக்டர் ஆபீஸா, டிபன் பாக்ஸா?

கோடு, பெட்டி, வட்டம் வந்ததும் எனக்குத் தலைக்கனமும் வந்தது. செமஸ்டர் நடுவில் முதல் ரிவ்யூ. 'டிபன் பாக்ஸ் டிசைன் செய்க.' ரெண்டு ராத்திரி தூங்காமல் மார்க்கர் பேனாவில் கலர் அடித்து, பளபளப்புக்கு வெள்ளைப் புள்ளி வைத்து, கீழே நிழல் போட்டு, சுவரில் மாட்டினேன்.

பேராசிரியர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. எப்படித் திறக்கறது?"

நான் யோசிக்கவில்லை.

"எவ்வளவு பெரிசு? கையில பிடிக்கலாமா? பக்கத்துல ஒரு கை கூட இல்லையே... இது டிபன் பாக்ஸா, கலெக்டர் ஆபீஸா?"

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வகுப்பிலேயே குறைந்த கிரேடு எனக்குத்தான். "அடுத்த ரிவ்யூவும் இப்படின்னா செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டி வரும்" என்றார் தனியாகக் கூப்பிட்டு. அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில், பழைய கம்பெனியில் திரும்பச் சேர்த்துக் கொள்வார்களா என்று யோசித்தேன். 200 பிராக்கெட் ஞாபகம் வந்தது. அந்த யோசனையைக் கைவிட்டேன்.

மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. நான் டிபன் பாக்ஸுக்கு விளம்பரம் வரைந்திருக்கிறேன். டிபன் பாக்ஸை வரையவில்லை. டிசைன் படம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிசு? பக்கத்தில் ஒரு கை வரை. எப்படி அசையும்? அம்புக்குறி போடு. உள்ளே என்ன? வெட்டிக் காட்டு. எத்தனை பாகம், எதற்குள் எது? கழற்றி வரிசையாக வைத்துக் காட்டு. இத்தனையும் செய்ய மார்க்கர் வேண்டாம். ஒரு பேனா போதும்.

'கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது?' என்பீர்கள். இருக்கிறது. நாலு வருஷம் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வடிவம் முடிவான பிறகு அதை அடிக்க ஆளில்லை. ஆனால், கேட்-டில் உட்கார்ந்த உடனேயே 'எத்தனை மில்லிமீட்டர்?' என்று கேட்கும். எனக்கே இன்னும் தெரியாதேய்யா! இன்றைக்கு ஒரு வரி டைப் அடித்தால் அதுவே பளபளவென்று டிபன் பாக்ஸ் படம் போட்டுக் கொடுக்கிறது. அழகாக இருக்கும். எப்படித் திறப்பது என்று கேட்டுப் பாருங்கள்... என் முதல் ரிவ்யூ ஞாபகம் வரும்! பேனாவில் ஒரு மணி நேரத்துக்கு 20 யோசனை போடலாம். 19-ஐத் தூக்கிப் போடவும் மனசு வரும். ரெண்டு நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் செய்ததைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

1990-ல் இத்தாலியின் அலெஸ்ஸி கம்பெனி மூன்று கால் சிலந்தி மாதிரி ஒரு எலுமிச்சை பிழியும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சு டிசைனர் ஃபிலிப் ஸ்டார்க் அதை முதலில் வரைந்தது ஒரு பீட்சா ஹோட்டலில், தட்டுக்கு அடியில் போடுகிற காகித விரிப்பில்! சாஸ் கறையோடு அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1959-ல் வெளிவந்த மினி காரின் கர்த்தாவான அலெக் இஸிகோனிஸும் கையால் கிறுக்கித்தான் தன் எண்ணங்களை மெக்கானிக்குகளிடம் கொடுப்பார்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஓட்டுச் சாவடியில் நீலப் பட்டனை அழுத்துகிறோமே, அந்த மின்னணு இயந்திரத்தின் வெளி உருவத்தை வடிவமைத்தது நான் மேலே சொன்ன ஐ.டி.சி.யின் பேராசிரியர்கள். படிக்கத் தெரியாத பாட்டியும் யாரையும் கேட்காமல் தன் சின்னத்துக்கு நேரே இருக்கிற பட்டனை அழுத்திவிட்டு வருகிறார் என்றால், யாரோ அந்தப் பட்டனையும் அந்த விரலையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

30 நாள் ஹோம்வொர்க்

'நான் டிசைன் படிக்கப் போவதில்லை, ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன்' என்பவர்களும் முயற்சி செய்யலாம். தினம் 20 நிமிஷம். ஒரு பக்கம் அச்சான வேஸ்ட் பேப்பர் (ஆபீஸில் இதற்கு மட்டும் பஞ்சமில்லை), ஒரு பால்பாயின்ட் பேனா.

முதல் வாரம் புள்ளிக்குப் புள்ளி கோடு. ரெண்டாவது வாரம் தீப்பெட்டி, தினம் பத்துக் கோணத்தில். மூன்றாவது வாரம் டம்ளர், பாட்டில், சைக்கிள் சக்கரம். நான்காவது வாரம் உங்கள் இடது கை. உள்ளங்கை ஒரு பெட்டி, விரல்கள் குட்டிக் குட்டிக் குழாய்கள். மிச்சமிருக்கிற ரெண்டு நாளில் மேஜை மேல் இருக்கிற ஸ்டேப்ளரைக் கழற்றிப் போட்ட மாதிரி வரையுங்கள். எல்லாவற்றிலும் தேதி போட்டு வையுங்கள். முதல் பேப்பரையும் முப்பதாவது பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வதை நம்புவீர்கள். மாற்றம் கையில் இருக்காது, கண்ணில் இருக்கும்.

அம்மா போட்ட கோடு

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அடுத்த ரிவ்யூவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. விடிகாலையில் வில்லிவாக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். என் பேப்பரை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டா, கையையே பாத்துக்கிட்டுப் போட்டா கோடு எப்படி நேரா வரும்? போய்ச் சேர்ற புள்ளியைப் பாரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். முதலில் புள்ளி. பிறகு, கண் அடுத்த புள்ளியில். தோளிலிருந்து ஒரே இழுப்பு. அழிக்க ரப்பர் கிடையாது! ரெண்டாயிரம் கிலோமீட்டர் போய் நான் கற்றுக்கொண்டு வந்தது, தினமும் நான் தாண்டிப் போன வாசலிலேயே இருந்திருக்கிறது.

கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அம்மா நடு நடுவே வலது கட்டை விரலைப் பிடித்து நீவிக்கொண்டாள்.

"மூட்டு வலிடா. அந்தத் தேங்காத் துருவியைச் சுத்தினாலே உயிர் போகுது. பிடி குண்டூசித் தலை மாதிரி இருக்கு."

மேடையில் ஒட்டி வைத்துக் கையால் சுற்றுகிற துருவி. பிடி சின்னது, வழவழப்பானது. ரெண்டு விரலால் கிள்ளிப் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். அன்று மத்தியானம் உட்கார்ந்து 24 பிடி வரைந்தேன். ஒவ்வொன்றிலும் அம்மாவின் கை. கலர் கிடையாது, பளபளப்பு கிடையாது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழாவதில் விரலை வைத்தாள். உள்ளங்கை முழுக்க அணைத்துப் பிடிக்கிற, கோழி முட்டை மாதிரியான உருண்டை.

"இது நல்லாருக்கு. ஆனா தேங்காப் பால் பட்ட கை வழுக்குமே... இங்க..." என்று காற்றில் என்னவோ வரைந்தாள்.

பேனாவைக் கொடுத்தேன். "நீயே போட்டுக் காட்டும்மா."

"போடா! எனக்கெல்லாம் வரையத் தெரியாது."

நாற்பது வருஷமாகத் தினம் காலையில் வாசலில் வரைகிறவள் சொல்கிறாள்! பேனாவை அவள் கையில் திணித்தேன். கொஞ்சம் தயங்கி, உருண்டையைச் சுற்றி மூன்று வளையம் போட்டாள். விரல் உட்காருகிற மாதிரி மூன்று பள்ளம். மூன்றும் உருண்டையோடு சேர்ந்து சரியாக வளைந்திருந்தன. கீழே இருந்த வளையம் மேலே இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக! டம்ளர் பாடம் அவளுக்கு யார் எடுத்தார்களோ...

அந்தப் படத்தின் ஓரத்தில் அளவுகளை எழுதினேன். விட்டம் 45 மில்லிமீட்டர், நீளம் 60, நடுவில் போல்ட் போக ஒரு துளை. வெட்டிப் பார்த்த மாதிரி பக்கத்தில் இன்னொரு குட்டிப் படம். நாலு மூலையும் தெரிகிற மாதிரி ஜாக்கிரதையாக போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் பெரியவருக்கு அனுப்பினேன். ஆம், அதே பெரியவர்தான். போன் பேசவில்லை. ஒரு வார்த்தை கூட விளக்கவில்லை.

மூன்றாவது நாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். நைலான் கட்டையில் கடைந்தது. அம்மா பொருத்திச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூடித் தேங்காய் துருவி முடிக்கிற வரைக்கும் கட்டை விரலைத் தொடவில்லை. அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த 24 பிடிகளைத்தான் அடுத்த ரிவ்யூவில் சுவரில் மாட்டினேன். செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டி வரவில்லை.

அன்று பெரியவரிடம், "இந்தத் தடவை இடம் வலம் தப்பில்லை, பார்த்தீங்களா?" என்றேன் பெருமையாக.

"உருண்டைக்கு ஏது சார் இடம் வலம்?" என்றார்.

அதுவும் சரிதான்! காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"ஆனா படம் பாத்த உடனே புரிஞ்சுது சார். யார் போட்டது?"

"பாதி நான். பாதி அம்மா" என்றேன்.